டெஸ்டிங் டீமின் மெச்சூரிட்டி லெவலைக் கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பெருங்குடிக்காரன் எழுதியது:

வணக்கம். பெருங்குடியில் ஒரு நடுத்தரக் கம்பெனியில் டெஸ்ட் லீடாக இருக்கிறேன். என்பிஎஃப்சிகளுக்கு (வங்கியல்லாத நிதி நிறுவனங்கள்) லோன் சாஃப்ட்வேர் செய்கிறோம். வாகனக் கடன், நகைக் கடன், சிறு வியாபாரக் கடன் எல்லாம் அதில் ஓடும். டெவலப்பர்கள் ஐம்பது பேருக்குப் பக்கம், டெஸ்டர்கள் பதினொரு பேர்.

போன வாரம் ஒரு வங்கியின் டெண்டர் ஆவணத்தில் இப்படி ஒரு கேள்வி: உங்கள் நிறுவனத்தின் டெஸ்டிங் மெச்சூரிட்டி லெவல் (டெஸ்டிங் முறைகள் எவ்வளவு முதிர்ந்தவை என்ற படிநிலை) என்ன, சான்று இணைக்கவும். எம்டி கூப்பிட்டு "நாம எந்த லெவல்?" என்றார். தெரியாது சார் என்றேன். "மார்ச்சுக்குள்ள லெவல் மூணு வாங்கிடு" என்று சொல்லிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விட்டார். என்னமோ தாசில்தார் ஆபீஸில் வருமானச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்வதுபோல.

எங்கள் நிலைமையை ஒளிக்காமல் சொல்கிறேன். டெஸ்ட் கேஸ்கள் எக்செலில் நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. எது இன்னும் உயிரோடு இருக்கிறது, எது எப்போதோ செத்துவிட்டது என்று யாருக்கும் தெரியாது. ஸ்கிரீனைத் தானாக இயக்கி டெஸ்ட் செய்யும் செலினியம் ஸ்கிரிப்ட்டுகள் இருக்கின்றன, எழுதியவர் இல்லை. ராத்திரி தானாக ஓடும், காலையில் பாதி சிவப்பாக, அதாவது ஃபெயிலாக இருக்கும், யாரும் திறந்து பார்ப்பதில்லை. யூஏடி சர்வர் (ரிலீஸுக்கு முன் சரிபார்க்கும் சர்வர்) ஒன்றே ஒன்று. சேல்ஸ் ஆட்கள் டெமோ காட்டுவதும் அதில்தான், நாங்கள் டெஸ்ட் செய்வதும் அதில்தான். டெமோ நாளில் "பத்து மணி முதல் ஒரு மணி வரை யாரும் கை வைக்க வேண்டாம்" என்று வாட்ஸப் வரும். மாதக் கடைசியில் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ஒரே ராத்திரியில் ரிலீஸ், ஐந்தாம் தேதி நாச்சில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் முறை) இஎம்ஐ பிடித்தம். நடுவில் எங்கள் டீமில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை.

சமீபத்தில் மானத்தை வாங்கிய பக் (சாஃப்ட்வேர் பிழை) ஒன்று. தாமதமாகக் கட்டினால் அபராத வட்டி போடக்கூடாது, அபராதக் கட்டணமாகத்தான் போடவேண்டும், அதன்மேல் மறுபடி வட்டி ஏறக்கூடாது என்று ஆர்பிஐ 2023 ஆகஸ்டில் சொன்னது நினைவிருக்கும். எங்கள் சாஃப்ட்வேரில் பெயர் மாறியது, கணக்கு மாறவில்லை. கட்டணம் அசலோடு சேர்ந்து அதற்கும் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளரின் உள் தணிக்கையில்தான் பிடிபட்டது. டெஸ்டிங் என்ன செய்துகொண்டிருந்தது என்று மெயில் வந்தது, ஊரையே சிசியில் போட்டு.

மெச்சூரிட்டியை அளக்கும் மாடல்களில் டிஎம்எம்ஐ எடுப்பதா, டிபிஐ எடுப்பதா? வெளியிலிருந்து கன்சல்டன்ட் வேண்டுமா, நாங்களே மதிப்பிட்டுக்கொள்ள முடியுமா? மார்ச் நடக்கிற காரியமா? பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர் வாசி எழுதியது:

பட்டவன் சொல்கிறேன் ப்ரோ. முன்பு இருந்த இடத்தில் மூன்று மாதம் டெம்ப்ளேட் நிரப்பினோம். டெஸ்ட் பாலிசி, டெஸ்ட் ஸ்ட்ராட்டஜி, டிரேசபிலிட்டி மேட்ரிக்ஸ், எல்லாவற்றிலும் பழைய தேதி போட்டுக் கையெழுத்து. அசெஸ்மென்ட் நாளில் என்ன பதில் சொல்லவேண்டும் என்று எங்களுக்கு ஒத்திகை வேறு. லெவல் வந்தது, லாபியில் ஃப்ரேம் மாட்டினார்கள், பிரியாணி போட்டார்கள். புரொடக்ஷன் பக் ஒன்றுகூடக் குறையவில்லை. எம்டி கேட்பது ஃப்ரேம் என்றால் கன்சல்டன்ட்டைப் பிடியுங்கள். வேறு ஏதாவது வேண்டும் என்றால் எனக்குப் பதில் தெரியாது.

மடிப்பாக்கம் மாமி எழுதியது:

ஓஎம்ஆர் வாசி சொல்லும் ஒத்திகையை நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். ஒய்டுகே (2000ஆம் ஆண்டுத் தேதிக் கோளாறு) காலத்தில் டெஸ்டிங்குக்கு வந்தவள். கடைசிப் பல வருஷங்கள் கம்பெனி கம்பெனியாகப் போய் மதிப்பீடு செய்வதுதான் வேலை. ஒத்திகை பார்த்த டீமை முதல் அரை மணியில் கண்டுபிடித்துவிடலாம். எல்லோரும் ஒரே வார்த்தையில் பதில் சொல்வார்கள்.

பெருங்குடித் தம்பி, மார்ச் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். முடியாது. டிஎம்எம்ஐயில் ஐந்து லெவல். ஒன்றாம் லெவலுக்குப் பரீட்சையே கிடையாது, ஒன்றும் செய்யாவிட்டாலும் அங்கேதான் இருப்பீர்கள். இரண்டாவதில் ஐந்து பகுதிகள்: டெஸ்ட் பாலிசியும் ஸ்ட்ராட்டஜியும், திட்டமிடுவது, கண்காணிப்பது, டெஸ்டை வடிவமைத்து ஓட்டுவது, டெஸ்ட் என்விரான்மென்ட். இந்த ஐந்தும் தேறாமல் மூன்றாம் லெவலைக் கேட்கவே முடியாது. மூன்றில் பயிற்சித் திட்டம், பியர் ரிவ்யூ, பெர்ஃபார்மன்ஸ் மாதிரியான டெஸ்டிங் எல்லாம் வரும். சேல்ஸ் டெமோ நடக்கும் சர்வரில் டெஸ்ட் செய்யும் வரை நீங்கள் இரண்டையே தாண்டமாட்டீர்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற லீட் அசெஸர் வந்து முறைப்படி செய்யவேண்டும், செலவு உண்டு. ஆனால் மாடல் ஆவணம் டிஎம்எம்ஐ ஃபவுண்டேஷன் தளத்தில் இலவசம். நீங்களே உங்களை மதிப்பிட்டுக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை.

டிபிஐயின் பிந்தைய பதிப்பான டிபிஐ நெக்ஸ்டில் 16 பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிலை பார்க்கலாம். ஒன்றில் முன்னேறி இன்னொன்றில் பின்தங்கி இருக்க இடம் கொடுக்கும். லெவல் நம்பர் கேட்கும் வங்கியிடம் பேச டிஎம்எம்ஐ சௌகரியம். எதை எடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை. இந்தச் சண்டையில் ஒரு வாரம் போக்கினால்தான் நஷ்டம்.

இப்போது மாடலை மூடிவைத்துவிட்டு, பக்கையும் வேலையையும் டிக்கெட்டாகப் பதியும் ஜிராவைத் திறங்கள். கடைசி ஆறு மாதத்தில் வாடிக்கையாளர் கண்டுபிடித்த பக் எல்லாவற்றையும் எடுங்கள். நீங்கள், ஒரு டெவலப்பர், ஒரு பிசினஸ் அனலிஸ்ட், மூன்று பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதை மிகச் சீக்கிரம் எங்கே பிடித்திருக்கலாம்? யார் விட்டார் என்று கேட்கக்கூடாது. அந்தக் கேள்வி வந்தால் மூன்றாவது பக்கில் டெவலப்பர் எழுந்து போய்விடுவார்.

உங்கள் அபராத வட்டியையே எடுப்போம். பெயர் மாறியது, கணக்கு மாறவில்லை என்கிறீர்கள். டிக்கெட்டில் என்ன எழுதியிருந்தது? "அபராத வட்டி என்பதை அபராதக் கட்டணம் என்று மாற்றவும்" என்ற ஒரு வரிதான் இருந்திருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். டெவலப்பர் லேபிளை மாற்றினார், டெஸ்டர் ஸ்டேட்மென்ட்டில் லேபிளைப் பார்த்து பாஸ் போட்டார். இரண்டு பேரும் சொன்ன வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆர்பிஐ சுற்றறிக்கை சில பக்கம்தான், அதை ஒரு டெஸ்டர் படித்திருந்தால் "இதற்கு வட்டி ஓடுமா?" என்று டிக்கெட்டிலேயே கேட்டிருப்பார். ஆக இந்த பக் பிடிபட்டிருக்க வேண்டிய இடம், சாஃப்ட்வேர் என்ன செய்யவேண்டும் என்ற தேவையைப் பேசும் மீட்டிங். அந்த மீட்டிங்குக்கு உங்கள் ஆட்களைக் கூப்பிடுவதுண்டா? இல்லையென்றால், நாலாயிரத்தோடு இன்னும் நாலாயிரம் டெஸ்ட் கேஸ் சேர்த்தாலும் அடுத்த சுற்றறிக்கையில் இதே கதைதான்.

அடுத்த சுற்றறிக்கை வந்தும்விட்டது. நகைக் கடனுக்கு 2025 ஜூனில் ஆர்பிஐ கொடுத்த விதிகள், 2026 ஏப்ரல் 1க்குள் அமலாக வேண்டியவை. நுகர்வுக் கடனில் (சொந்தச் செலவுக்கு வாங்குவது) கடன் தொகை 2.5 லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80, அதற்கும் மேல் 75. உங்கள் டெஸ்டர்கள் பதினொரு பேரிடமும் இந்த ஒரு பத்தியைக் கொடுத்து, அரை மணியில் டெஸ்ட் கேஸ் எழுதச் சொல்லுங்கள். திறமையை மதிப்பிட இதைவிட நல்ல வினாத்தாள் நான் பார்த்ததில்லை. 2 லட்சம், 4 லட்சம், 6 லட்சம் என்று மூன்று எழுதுபவர் இருப்பார். 2,50,000, அடுத்து 2,50,001 என்று எல்லையில் கை வைப்பவர் இருப்பார். ஒருத்தர், ஒரே ஒருத்தர், "ஏற்கெனவே 2 லட்சம் கடன் உள்ளவர் இன்னொரு லட்சம் கேட்டால்?" என்று எழுதுவார். வரம்பு ஒரு கடனுக்கு இல்லை, ஒரு ஆளின் மொத்தக் கடனுக்கு. முதிர்வில் மொத்தமாகக் கட்டும் கடனில் வட்டியும் சேர்ந்த தொகையை வைத்துத்தான் சதவீதம் பார்க்கவேண்டும் என்பதையும் அவர் கேட்டுவிட்டால் அவரை விடாதீர்கள், சம்பளம் ஏற்றச் சொல்லுங்கள். டெஸ்டர்களுக்கான ஐஎஸ்டிக்யூபி சான்றிதழ் யாரிடம் இருக்கிறது என்று எண்ணுவதை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பேட்டிகளைப் பற்றி. "ரிவ்யூ செய்கிறீர்களா?" என்று கேட்டால் தமிழ்நாட்டில் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "கடைசி ரிவ்யூவில் என்ன மாறியது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். மேனேஜரைக் கடைசியில் கேளுங்கள். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பையனையோ பெண்ணையோ பக்கத்தில் உட்காரவைத்து, நேற்று காலையிலிருந்து என்ன செய்தாய் என்று சொல்லச் சொல்லுங்கள். பாதி நேரம் டேட்டா தயார் செய்வதிலும், சர்வர் எழுந்திருக்கக் காத்திருப்பதிலும் போயிருக்கும். டெஸ்ட் பிளானில் அந்த நேரத்துக்கு ஒரு வரிகூட இருக்காது.

என்விரான்மென்ட்டுக்கு நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி: இந்தச் சர்வரைத் துடைத்துவிட்டால் மறுபடி யார் எழுப்புவார், எவ்வளவு நேரத்தில்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது நான் போய்க்கொண்டிருந்த ஒரு கம்பெனியில் டெஸ்ட் சர்வர் நின்றுவிட்டது. எழுப்பத் தெரிந்த ஒரே ஆள் பள்ளிக்கரணையில் மாடியில் மாட்டிக்கொண்டிருந்தார், கரண்ட் இல்லை, போனும் இல்லை. தண்ணீர் வடியும் வரை ரிலீஸ் நின்றது. அவர்களிடம் அழகான என்விரான்மென்ட் டாக்குமென்ட் இருந்தது. எந்த சர்வரில் என்று கேட்காதீர்கள்.

இதெல்லாம் முடிந்தபிறகு டிஎம்எம்ஐ இரண்டாம் லெவலைத் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் இல்லை, ஓரளவு, பெரும்பாலும், முழுசாக என்று நான்கில் ஒன்றைப் போடுங்கள். 85 சதவீதத்துக்கு மேல் நடந்தால்தான் முழுசாக. 50க்கு மேல் பெரும்பாலும், 15க்கு மேல் ஓரளவு. ஆதாரம் கையில் இல்லாவிட்டால் இல்லை என்றே போடுங்கள். பக் பட்டியலில் கண்டது இங்கே வரிவரியாகத் தெரியும், எந்த வரி உங்களுக்கு வலிக்கிறது என்பதும் தெரியும். தலைகீழாகச் செய்தால் எல்லா வரியும் ஒரே எடையில் தெரியும், டெம்ப்ளேட் நிரப்ப உட்கார்ந்துவிடுவீர்கள்.

அந்தச் சிவப்பு செலினியத்தை இன்றே நிறுத்துங்கள். கூகுள் மாதிரி இடத்திலேயே டெஸ்டுகளில் கிட்டத்தட்ட 16 சதவீதத்தில் ஏதோ ஒரு அளவு தடுமாற்றம் உண்டு, அதாவது புரோகிராம் மாறாமலே ஒருநாள் பாஸ், ஒருநாள் ஃபெயில் என்று அவர்களே 2016ல் எழுதினார்கள். அவர்களிடம் அதைத் துரத்த ஆள் இருக்கிறது. உங்களிடம் இல்லை. இஎம்ஐ கணக்கு, நாச் ஃபைல், கடன் முடிப்புத் தொகை, இந்த மூன்றை மட்டும் பிழைக்க வையுங்கள். அதுவும் ஸ்கிரீன் வழியாக வேண்டாம், புரோகிராமோடு நேரடியாகப் பேசும் ஏபிஐயில் அடியுங்கள். சிவப்பு வந்தால் ரிலீஸ் நிற்கும் என்று எம்டி வாயால் சொல்லவையுங்கள். இருபது டெஸ்ட் போதும்.

பெருங்குடிக்காரன் எழுதியது:

மாமி, டிக்கெட்டைத் தோண்டிப் பார்த்தேன். பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். ஒரே வரி, அதிலும் எழுத்துப்பிழை.

பட்டியலும் போட்டோம். 38 பக். நான் பயந்ததுபோல் "டெஸ்ட் கேஸ் இருந்தும் ஓட்டவில்லை" என்ற வகையில் நாலுதான். தேவையிலேயே கோளாறு பதினொன்று. மிச்சத்தில் பெரும்பகுதி, பதினேழு, வாடிக்கையாளரின் கான்ஃபிகரேஷன். ஒருவர் வட்டியை ரூபாய்க்கு ரவுண்ட் செய்வார், இன்னொருவர் பைசா வரை வைப்பார். ஒருவருக்கு வருஷம் 365 நாள், இன்னொருவருக்கு 360. எங்கள் யூஏடியில் இருப்பது சேல்ஸ் போட்ட டெமோ கான்ஃபிகரேஷன். உலகத்தில் எந்த வாடிக்கையாளரும் அப்படி வைத்திருக்கவில்லை.

உடன் உட்கார்ந்த டெவலப்பர் எழுந்து போகவில்லை. ஆனால் எம்டிக்கு நம்பர் வேண்டுமாம். டிடிபி (மொத்த பக்கில் ரிலீஸுக்கு முன் பிடித்தது எத்தனை சதவீதம் என்பது) சொல்லலாமா? அப்புறம் வாடிக்கையாளர் டேட்டாவை அப்படியே எடுத்து டெஸ்ட் செய்யச் சொல்கிறார் எங்கள் ஆர்க்கிடெக்ட்.

போரூர் டெவலப்பர் எழுதியது:

மாமி சொன்னதில் பெரும்பாலும் சம்மதம். ஆனால் ஒன்று உறுத்துகிறது. இதை ஏன் டெஸ்டிங் டீமின் மெச்சூரிட்டி என்றே பேசிக்கொண்டிருக்கிறோம்? 38ல் எத்தனை பக் யூனிட் டெஸ்டில் (டெவலப்பரே தன் புரோகிராமைத் துண்டு துண்டாகச் சோதிப்பது) செத்திருக்கும்? 360 நாள், ரவுண்டிங், இதெல்லாம் டெவலப்பர் மேஜையிலேயே முடியவேண்டியவை. பதினொரு பேரை எவ்வளவு மேலே ஏற்றினாலும் ஐம்பது பேர் யூனிட் டெஸ்ட் எழுதாத இடத்தில் என்ன ஆகும்?

டெஸ்ட் இருந்தாலும் போதாது, எதை வைத்து டெஸ்ட் செய்தோம் என்பது முக்கியம். 2024 ஜூலை 19, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பிய அப்டேட்டின் கதை ஞாபகம் இருக்கிறதா? 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையோடு நின்றுபோய், நம் விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதினார்களே. அவர்கள் பிறகு வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள். வரையறையில் 21 இன்புட், அதை நிரப்பும் புரோகிராம் கொடுத்தது 20. டெஸ்ட் இருந்தது. ஆனால் டெஸ்டில் 21வது இடத்தில் எதுவானாலும் சரி என்ற வைல்டுகார்டு போட்டிருந்தார்கள், அதனால் அந்த இடத்தை யாரும் தொடவே இல்லை. நிஜ மதிப்பு வந்த அன்று விழுந்தது. படிப்படியாக அனுப்பாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது வேறு. உங்கள் டெமோ கான்ஃபிகரேஷனும் அந்த வைல்டுகார்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ஒரே ராத்திரியில் ரிலீஸ் போவதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் சின்ன வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பி, ஒரு இஎம்ஐ சுற்று பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்ப முடியாதா?

மடிப்பாக்கம் மாமி எழுதியது:

போரூர் சொல்வது நியாயம். பட்டியலில் "யூனிட் டெஸ்ட்" என்று ஒரு நெடுவரிசை சேர்த்து 38ஐயும் மறுபடி பாருங்கள். ஆனால் தம்பி, அதை எடுத்துப்போய் டெவலப்மென்ட் ஹெட்டிடம் நீங்கள் காட்டாதீர்கள், உங்களோடு உட்கார்ந்த அந்த டெவலப்பரைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே நம்பர்தான். யார் கையில் வருகிறது என்பதைப் பொறுத்து அது புகாராகும், அல்லது வேலையாகும்.

டிடிபி சொல்லலாம். ரிலீஸுக்கு முன் 90 பிடித்து, பிறகு 10 வந்தால் 90 சதவீதம். கணக்கு சுலபம், ஏமாற்றுவது அதைவிடச் சுலபம். எழுத்துரு சின்னதாக இருக்கிறது, பட்டன் ஒரு பிக்செல் தள்ளியிருக்கிறது என்று ரிலீஸுக்கு முந்தைய எண்ணிக்கையை ஊதலாம். அதனால் பணக்கணக்கைத் தொடும் பக்குகளை மட்டும் எண்ணுங்கள். ரிலீஸுக்குப் பின் எத்தனை நாள் காத்திருந்து எண்ணுவது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். உங்களுக்கு மூன்று இஎம்ஐ சுற்று சரியாக வரும். ஒரு ரிலீஸுக்கு ஒரு நம்பர், அவ்வளவுதான். டெஸ்டர் பெயரோடு மட்டும் அதை இணைக்காதீர்கள், அப்ரைசல் மாதத்தில் ஜிரா நிரம்பி வழியும்.

வாடிக்கையாளர் டேட்டாவை அப்படியே எடுக்கக்கூடாது. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஆர்க்கிடெக்ட்டுக்கு அனுப்புங்கள். கடன் வாங்கியவரின் பேன் நம்பரும் போன் நம்பரும் உங்கள் யூஏடியில், சேல்ஸ் டெமோ காட்டும் அதே சர்வரில் கிடந்தால் அபராத வட்டி மெயிலெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. உங்களுக்கு வேண்டியது டேட்டா இல்லை, கான்ஃபிகரேஷன். அதில் தனிநபர் தகவல் இருக்காது. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் அனுமதி கேட்டு அதை மட்டும் எடுத்து, கடன் வாங்குபவர்களைக் கற்பனையாக நீங்களே உருவாக்குங்கள். எல்லாச் சேர்க்கையையும் ஓட்ட முடியாது. ரவுண்டிங், நாள் கணக்கு, கடன் வகை, விடுமுறை விதி என்று அமைப்புகளை எழுதி, எந்த இரண்டு அமைப்பின் மதிப்புகளை எடுத்தாலும் அந்த ஜோடி ஒருமுறையாவது வரும்படி பேர்வைஸ் முறையில் எடுங்கள். மைக்ரோசாஃப்டின் பிக்ட் என்ற இலவசக் கருவி நொடியில் பட்டியல் கொடுத்துவிடும். நாச் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுவதைச் சேர்க்க மறக்காதீர்கள்.

டெண்டருக்கு இப்படி எழுதுங்கள்: முறைப்படியான மதிப்பீடு இன்னும் செய்யவில்லை. டிஎம்எம்ஐ இரண்டாம் லெவலை வைத்து நாங்களே மதிப்பிட்டோம், முடிவு இணைப்பில். பெரிய ஓட்டைகள் தேவை ரிவ்யூவும் டெஸ்ட் என்விரான்மென்ட்டும், தனிச் சர்வர் இந்தத் தேதியில் வருகிறது. 38 பக்கின் வகைப்பாட்டையும் வாடிக்கையாளர் பெயர்களை எடுத்துவிட்டு இணைக்கலாம், எம்டி ஒத்துக்கொண்டால். சான்றிதழ் கட்டாயம் என்று டெண்டரில் இருந்தால் இந்த டெண்டர் போகும், அதை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். டெண்டர் கேள்வி விளக்கம் கேட்கும் கூட்டம் வைப்பார்களே, அதில் சான்று கட்டாயமா, சுயமதிப்பீடு ஏற்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பல கம்பெனிகள் அதைக் கேட்கவே கேட்காது.

தனிச் சர்வருக்கு பட்ஜெட் கேட்கும்போது அந்த டெமோ நாள் வாட்ஸப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போங்கள். ஒரு மாதத்துக்கு எத்தனை மணி நேரம் பதினொரு பேர் சும்மா உட்கார்ந்தார்கள் என்று பெருக்கிப் போட்டால் போதும், நிதி ஆட்கள் கேள்வி கேட்கமாட்டார்கள்.

பெருங்குடிக்காரன் எழுதியது:

பெருக்கிப் பார்த்தேன் மாமி. சர்வர் வாடகையைவிட அதிகம் வருகிறது. வெள்ளிக்கிழமை எம்டியிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். சேல்ஸ் ஹெட்டையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன், இல்லாவிட்டால் புதுச் சர்வரையும் டெமோவுக்குக் கேட்பார்.